கண்டக்டர் வீட்டு டர்போ

ரிட்டையர் ஆன கண்டக்டர் அர்த்தனாரிக்கு ஒரே ஒரு குறை. முப்பது வருஷம் பஸ்ஸுக்குள்ளயே குடியிருந்தாரு, ஆனா பஸ் எதனால ஓடுதுன்னு தெரியாது. விசில் ஊதுனா ஓடும், விசில் ஊதுனா நிக்கும். அவருக்குத் தெரிஞ்ச எஞ்சினியரிங் அவ்வளவுதான்.

அதனால கன்னங்குறிச்சியில ஒர்க் ஷாப் வெச்சிருந்த சுலைகாகிட்ட போய் நின்னாரு. சுலைகாவுக்கு அவரு மக வயசு. ஆனா ஊரே அவங்கள டீச்சர்னுதான் கூப்பிடும். கத்துக்க வந்தவங்க வண்டியில அவங்க கை வைக்கவே மாட்டாங்க. பார்ப்பாங்க, ரெண்டு வார்த்தை சொல்லுவாங்க, டீ குடிப்பாங்க. ஸ்பேனர் பிடிக்கிறது வந்தவங்க பாடு.

"டீச்சர், என் பழைய காருக்குப் புது டர்போ எஞ்சின் மாட்டணும். என் வீட்லயே. என் கையாலயே."

"எதுக்குங்க கண்டக்டரே?"

"ஏ.சி. போட்டா ஏற்காட்டு மலையில வண்டி ஏறாது. ஏ.சி.யை நிறுத்துனா என் சம்சாரம் ஏறாது."

சுலைகா சிரிக்கல. "நியாயமான காரணம்தான். ஆரம்பிங்க"ன்னாங்க.

பின்பக்கம் இடிபட்டு நொறுங்கிப்போன ஒரு புது காரை ஈரோட்டுப் பக்கம் பழைய வண்டி உடைக்கிற யார்டுல பார்த்தாரு. முன்னாடி எஞ்சின்ல ஒரு கீறல் இல்ல. வெளிய போற புகையவே திரும்ப வேலை வாங்கி, காத்தை அழுத்தி உள்ள திணிக்கிற டர்போவோட அப்படியே கழட்டிக்கிட்டு வந்துட்டாரு. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எஞ்சின் மாத்த அனுமதி வாங்குனது தனிப் புராணம். அதை ஆரம்பிச்சா இந்தக் கதை முடியாது.

பழைய எஞ்சினைக் கழட்டிட்டு, போர்ட்டிகோவுல புது எஞ்சினை வெச்சு அளந்து பார்த்தாரு. எந்தப் பக்கம் திருப்புனாலும் எங்கயோ இடிக்குது. சுலைகாகிட்ட ஓடுனாரு.

"டீச்சர், முன்பக்கச் சட்டத்தைக் கொஞ்சம் வெட்டிக்கட்டுமா?"

சுலைகா மூலையில கிடந்த காலி ஃபிரிட்ஜ் பெட்டியைத் தூக்கி அவரு கையில குடுத்தாங்க.

"முதல்ல இதை மாட்டுங்க."

அர்த்தனாரி அந்த அட்டையில எஞ்சின் அளவுக்கே ஒரு எஞ்சின் செஞ்சாரு. மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு ஒரு டர்போவும் ஒட்டுனாரு. அதை உள்ள வெச்சு, எடுத்து, திருப்பி வெச்சு, பானட்டை மூடி மூடிப் பார்த்தாரு. எதிர்வீட்டு தனபால் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னான்.

"ஏண்ணே, அட்டைப்பெட்டி என்ன மைலேஜ் குடுக்குது?"

"நீ தள்ளுனா நல்லாவே குடுக்கும். வா."

கடைசியில பார்த்தா ரேடியேட்டரை நாலு விரக்கடை நகர்த்துனாப் போதும். சட்டத்துல ஒரு வெட்டுகூட வேணாம். அன்னிக்கு ராத்திரிச் சோத்துல அர்த்தனாரி ஒரு கவளம் கூடவே சாப்பிட்டாரு.

மறுநாள் காலையிலயே போய் நின்னாரு.

"டீச்சர், எஞ்சினை எப்ப இறக்கலாம்?"

"வேலைக்குச் சேர்ந்தப்ப உங்களுக்கு முதல்ல எந்த விசில் கத்துக்குடுத்தாங்க?"

"ஒரு விசில். வண்டியை நிறுத்துறதுக்கு."

"ரெண்டு விசில்? ரைட் போறதுக்கு?"

"அது மறுநாள்."

சுலைகா டீ கிளாஸைக் கழுவி வெச்சுட்டு உள்ள போயிட்டாங்க. அர்த்தனாரி வீட்டுக்கு வந்து எஞ்சினைத் தார்ப்பாய் போட்டு மூடிட்டு, பிரேக்கைக் கழட்டுனாரு. அந்த எஞ்சினோட வேகத்தைத் தாங்குற பெரிய பிரேக்கா தேடிப் போட்டு முடிக்க ரெண்டு மாசம் ஆச்சு. தெருவுல அவரு வண்டியை நாலு பேர் தள்ளிவிட, அவரு பிரேக்கை மட்டும் போட்டுப் பார்த்துக்கிட்டிருந்த காலம் அது. தனபால் அதையும் விடல. "எஞ்சின் இல்லாமலே நிக்குதே, பெரிய சாதனைண்ணே"ன்னான்.

அப்புறம் எஞ்சின் இறங்குச்சு. அடிச்சு வெச்ச மாதிரி உக்காந்துச்சு. ஒயருங்களை ஒண்ணொண்ணா சேர்த்தாரு. நல்ல நாள் பார்த்து, சம்சாரம் பூங்கொடி கையால பூசை போட்டு, தெருவே கூடி நிக்கச் சாவியைத் திருப்புனாரு.

சுத்துச்சு. சுத்திக்கிட்டே இருந்துச்சு. பத்திக்கல.

பூங்கொடி தேங்காய் மூடியைப் பொறுக்கிக்கிட்டு உள்ள போயிட்டாங்க. தனபால்கூட ஒண்ணும் சொல்லாமப் போனான். அதுதான் அவருக்கு ரொம்ப வலிச்சுது.

சுலைகா வந்து எட்டிப் பார்த்தாங்க.

"இந்த எஞ்சினோட சாவி எங்க?"

"இதோ இருக்கே டீச்சர், என் கார்ச் சாவி."

"இது கதவுக்குத் தெரிஞ்ச சாவி. எஞ்சினுக்கு உங்களை யாருன்னே தெரியாது."

புது எஞ்சினோட கம்ப்யூட்டர் தன்னோட சொந்தச் சாவியில இருக்கிற சில்லைப் பார்த்தாத்தான் பெட்ரோல் விடும்னு அவருக்கு யாரும் சொல்லல. எஞ்சினைத் தூக்கிட்டு வந்தவரு சாவியை யார்டுலயே விட்டுட்டு வந்திருக்காரு.

திரும்ப ஓடுனாரு. யார்டுக்காரரோட சின்னப் பொண்ணு அந்தச் சாவியைத் தன் பொம்மை கழுத்துல பதக்கமா மாட்டியிருந்துச்சு. மிட்டாய் குடுத்துப் பார்த்தாரு, நடக்கல. கெஞ்சிப் பார்த்தாரு, நடக்கல. பொண்ணு கண்ணு அவரு சட்டைப் பையிலயே இருந்துச்சு. ரிட்டையர் ஆகியும் பழக்கத்துல அங்கயே கிடக்குற விசிலு. முப்பது வருஷ விசிலு. எடுத்துத் தொடைச்சுக் குடுத்தாரு.

பஸ் ஏற வெளிய நடக்குறப்ப பின்னாடி ஒரு விசில் கேட்டுச்சு. பழக்க தோஷம், அப்படியே நின்னுட்டாரு.

அன்னிக்குச் சாயங்காலம் எஞ்சின் ஒரே திருப்புல பத்திக்கிச்சு. தனபால் ஓடி வந்து பானட்டுக்குள்ள தலையை விட்டான்.

"அண்ணே, நெசமாவே நீங்களா செஞ்சீங்க?"

"அட்டைப்பெட்டியில பழகுன கை தம்பி."

தெருவே தட்டிக் குடுத்துச்சு. பூங்கொடி மட்டும் வாசப்படியை விட்டு இறங்கல.

"வாம்மா, ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

"நான் வரல."

"ஏன்?"

"தெருவுக்கு என்ன, கை தட்டிட்டுப் போயிரும். மலையில பள்ளத்தைப் பார்த்துக்கிட்டு உக்காரப் போறது நான். டீச்சரை ஏத்திக்கிட்டு ஏற்காட்டுக்குப் போங்க. அந்தப் பொண்ணு என்ன சொல்லுதோ, அதை ஒண்ணும் கூட்டாமக் குறைக்காம என்கிட்ட வந்து சொல்லுங்க. அப்புறம்தான் நான் ஏறுவேன்."

"அந்தப் பொண்ணு மேல அவ்வளவு நம்பிக்கையா?"

"கன்னியாகுமரி போன வேன்ல அது பக்கத்துல உக்காந்தவ நான்."

அந்தக் கதை தெருவுக்கே தெரியும். மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு வேனே குறட்டை விட்டுக்கிட்டு இருந்தப்ப சுலைகா மட்டும் கண்ணை மூடல. "பின்னாடி இடது சக்கரம் அழுவுது"ன்னு டிரைவரை நிறுத்தச் சொன்னாங்க. டிரைவர் முணுமுணுத்துக்கிட்டே கழட்டிப் பார்த்தா, பேரிங் பொடிப்பொடியா கையில கொட்டுச்சு. வேற வேன்ல ஏத்திவிட்டாங்க. அதுலயும் சுலைகா சேலம் வர்ற வரைக்கும் முழிச்சுக்கிட்டேதான் வந்தாங்க.

ஞாயித்துக்கிழமை சுலைகா வந்து முன் சீட்ல உக்காந்தாங்க. பெல்ட்டைப் போட்டாங்க. அர்த்தனாரிக்கு உள்ளங்கை வேர்த்துச்சு. பரிட்சைக்குப் போற பையன்கூட அப்படி வேர்த்திருக்க மாட்டான்.

அடிவாரம் தாண்டுனதும் ஏ.சி.யை முழுசாத் திறந்தாரு. ஏத்தத்துல மெதுவா அழுத்துனாரு. டர்போ ஒரு மூச்சை இழுத்துச்சு, வண்டி முதுகுல கை வெச்சுத் தள்ளுன மாதிரி ஏறுச்சு. முதல் கொண்டை ஊசி வளைவு, ரெண்டாவது, மூணாவது. ஒவ்வொரு வளைவும் அவரு டிக்கெட் கிழிச்ச வளைவு. பின் படிக்கட்டுல தொங்கிக்கிட்டே பார்த்த மலையை இப்பத்தான் முன் கண்ணாடியில பார்க்குறாரு.

முன்னாடி ஒரு பஸ் முக்கிக்கிட்டு ஏறுச்சு. பார்த்தா அவரோட ரூட் பஸ். டிரைவர் ஓரம் ஒதுங்கிக் கையை ஆட்டுனாரு. அர்த்தனாரி தாண்டிப் போறப்ப, படியில நின்ன புது கண்டக்டர் அடையாளம் கண்டுக்கிட்டான். ரெண்டு விசில் ஊதுனான். அர்த்தனாரியோட கை தானா சட்டைப் பைக்குப் போச்சு. பை காலி. சிரிச்சுக்கிட்டாரு.

"பார்த்தீங்களா டீச்சர்?"ன்னு திரும்புனாரு.

டீச்சர் தூங்கிக்கிட்டு இருந்தாங்க.

தலை கண்ணாடியில சாஞ்சிருக்கு. வாய் லேசாத் திறந்திருக்கு. அடுத்த வளைவு வந்துச்சு, தலை இந்தப் பக்கம் சாஞ்சுது. அதுக்கடுத்த வளைவு, அந்தப் பக்கம் சாஞ்சுது. கண்ணு மட்டும் திறக்கல.

அர்த்தனாரிக்கு மனசு தொங்கிப்போச்சு. எட்டு மாசம். அட்டைப்பெட்டி, பிரேக்கு, விசிலு. மிச்ச மலையை அவரு ரோட்டை மட்டும் பார்த்துக்கிட்டு ஏறுனாரு.

ஏரிக்கரையில வண்டியை ஓரங்கட்டுனாரு. ஏறி வந்த டர்போ சூடா இருக்கும், உடனே நிறுத்தக் கூடாது, கொஞ்ச நேரம் சும்மா ஓடவிடணும்னு டீச்சர் சொன்னது ஞாபகம் வந்துச்சு. கோவத்துலயும் ஓடவிட்டாரு. அப்புறம் சாவியைத் திருப்பி நிறுத்துனாரு.

சத்தம் நின்னதும் சுலைகா திடுக்குன்னு எழுந்தாங்க.

"என்னாச்சு? ஏன் நிறுத்துனீங்க?"

"ஏற்காடு வந்துருச்சு டீச்சர்."

சுலைகா முகத்தைத் தொடைச்சுக்கிட்டு இறங்குனாங்க. அர்த்தனாரி ரெண்டு டீ வாங்கிட்டு வந்தாரு. கடைசியில அவரால அடக்க முடியல.

"ஒரு வளைவைக்கூட நீங்க பார்க்கல."

"பார்க்கல."

"என் எஞ்சின் சத்தத்தைக் கேக்கல."

"கேக்கல."

"வீட்ல அவ காத்துக்கிட்டு இருக்கா டீச்சர். நீங்க சொன்னதைக் கூட்டாமக் குறைக்காமச் சொல்லணும்னுட்டா. நான் போய் என்னத்தைச் சொல்ல?"

சுலைகா டீயை ஊதி ஒரு வாய் குடிச்சாங்க.

"அடிவாரம் தாண்டிக் கண்ணை மூடுன டீச்சர், ஏரி வரைக்கும் தூங்கிட்டாங்கன்னு சொல்லுங்க."

அர்த்தனாரிக்கு அந்தக் கன்னியாகுமரி வேன் ஞாபகம் வந்துச்சு. அவரு டீ கையிலயே ஆறிப்போச்சு.