தரை தட்டாத இடம்

கடற்கரை மடத்தில் ஒரு சாமி இருந்தார். வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவருக்கு வாய்த்த சீடரோ அறுபத்திரண்டு வயது பக்கிரிசாமி, படகு வைத்து மீன்பிடிக்கிறவர். வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார். மடத்து வாசலைக் கூட்டிவிட்டு, சாமிக்கு எதிரில் வந்து உட்காருவார். "மகன் வயசுக்காரனுக்குப் போயி சீடனாம்" என்று ஊரில் சிரிப்பார்கள். "வயசு படகுக்குத்தான்யா பாக்கணும்" என்பார் பக்கிரிசாமி.

அந்த வெள்ளிக்கிழமை வந்தவர் விளக்குமாற்றைத் தொடவில்லை.

"சாமி, ஒரு சொல்லுக்கு அர்த்தம் வேணும்."

"சொல்லுங்க பெரியவரே."

"டிப்ரஷன்."

சாமி அவர் முகத்தைப் பார்த்தார்.

"எம்மவன் இளவழகனுக்கு அதுதானாம். அஞ்சு மாசமா சுவத்தப் பாத்துப் படுத்துக் கிடக்கான். டாக்டர்கிட்டக் கூட்டிக்கிட்டுப் போனேன். டிப்ரஷன்னாரு. எப்பங்க கரையைக் கடக்கும்னு கேட்டேன்."

"அவரு?"

"சிரிச்சிட்டாரு. அப்புறம் என் மூஞ்சியப் பாத்துட்டு நிறுத்திக்கிட்டாரு. எனக்கென்ன தெரியும் சாமி? ரேடியோவுல கேக்குற டிப்ரஷன் ஒண்ணுதான் தெரியும். கடல்ல உருவாகும். படகை மேல ஏத்திப் போட்டுட்டு ரெண்டு நாள் கிடப்போம். கரையக் கடந்ததும் போயிரும். இது போவலியே."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நர்சம்மா மன அழுத்தம்னாங்க. எந்தங்கச்சி வந்து பாத்துட்டு, திமிருங்குறா. மச்சான் சோம்பேறித்தனங்குறாரு. பூசாரி காத்துக் கருப்புன்னு தாயத்துக் கட்டிட்டுப் போனாரு. அவன் பொறந்தப்பகூட இத்தனை பேரு வக்கல சாமி."

சாமிக்குச் சிரிப்பு வந்தது. பக்கிரிசாமிக்கும் வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது.

"அவனுக்கு என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலையே. அதானே எனக்குத் தாங்கல. சண்டை இல்ல, சச்சரவு இல்ல, காதல் கீதல் இல்ல. போன ஐப்பசியில ஒருநாள் வலையை மடிச்சுக்கிட்டு இருந்தான். பாதியில வச்சிட்டு வீட்டுக்குப் போனான். படுத்தான். அவ்வளவுதான். ரெண்டு ஆள் தூக்குற நங்கூரத்தை ஒருத்தனாத் தூக்குற பய சாமி. இப்பத் தண்ணி டம்ளரைத் தூக்க மாட்டேங்குறான்."

"சாப்பாடு?"

"அவங்க ஆத்தா ஊட்டுனா ரெண்டு வாய் வாங்குவான். நேத்துலேருந்து அதுவும் இல்ல."

"என்ன செய்யலாம்னு இருக்கீங்க?"

பக்கிரிசாமி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாளைக்கு விடியக்காலம் நாலு பேரு வர்றாங்க. கையைக் காலைக் கட்டியாவது படகுல போட்டு நடுக்கடலுக்குக் கொண்டுபோயிரணுமாம். அலையில நல்லா நாலு ஆட்டு ஆடினா எல்லாம் தெளிஞ்சிருமாம். நானும் சரின்னுட்டேன். வேற என்ன செய்ய? அதுக்கு முன்ன அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிஞ்சுக்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

"அவன் ஏதும் சொன்னானா?"

"யாரு?"

"இளவழகன்."



"பொங்கலன்னிக்கு வாயத் தொறந்தான். 'அழுத்தம் கிழுத்தம்லாம் இல்லப்பா. எம்மேல எதுவும் இல்ல. எனக்கு அடியிலதான் ஒண்ணுமே இல்ல'ன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'கட்டில் இருக்கேடா'ன்னேன்."

சாமி கடல் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்.

"பெரியவரே, தெரியாத எடத்துக்குத் தொழிலுக்குப் போனா ஆழம் எப்படிப் பாப்பீங்க?"

"ஈயக்குண்டைக் கயித்துல கட்டி விடுவோம். தரை தட்டுனா கைக்குத் தெரிஞ்சிரும். அப்புறம் கயித்தை மேல இழுத்து, ரெண்டு கையையும் விரிச்சு விரிச்சு அளந்து, இத்தனை பாகம்னு சொல்லுவோம்."

"தட்டலன்னா?"

"இன்னும் விடுவோம்."

"கயிறு தீந்துபோச்சு."

"இன்னொரு கயித்தை முடிஞ்சு விடுவோம்."

"அதுவும் தீந்துபோச்சு. தட்டவே இல்ல. அந்த எடத்துல ஒரு ஆளைக் கையையும் காலையும் கட்டி எறக்குவீங்களா?"

பக்கிரிசாமி இடுப்பிலிருந்து போனை எடுத்தார். இரண்டு தடவை தப்பாக அழுத்தினார்.

"டேய் வைத்தி, நாளைக்கு வேணாம். இல்லடா, படகுல கோளாறு ஒண்ணுமில்ல. வேணாம்னா வேணாம்டா, யாரும் வராதீங்க. வச்சிர்றேன்."

போனை மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப சரியான பேரையாவது சொல்லுங்க சாமி. பேரு தெரிஞ்சா ஒரு பிடிமானமா இருக்கும்."

"எங்கம்மாவும் இப்படித்தான் கிடந்தாங்க, பெரியவரே."

நாலு வருஷமாக வந்து போகிறவர் பக்கிரிசாமி. சாமி தன் அம்மாவைப் பற்றிப் பேசி அவர் கேட்டதில்லை.

"எனக்கும் பேருதான் வேணும்னு இருந்துச்சு. பேரு தெரியாம பக்கத்துல உக்காரவே பயமா இருந்துச்சு. பட்டணத்துக்குப் போனேன். படிச்சவங்களைக் கேட்டேன். தடித்தடிப் புஸ்தகமாப் புரட்டுனேன். எல்லாத்துக்கும் ஒரே சொல்லுதான். தரையில பள்ளம் விழுந்தாலும் அதுதான், கடல் மேல காத்தழுத்தம் கொறஞ்சாலும் அதுதான். ஊர் உலகத்துல யாவாரம் படுத்தாக்கூட அதுதானாம். மூலம் எங்கன்னு பாத்தா, இங்கிலீசுக்கும் முந்தின ஏதோ ஒரு பழைய பாஷை. கீழே போட்டு அமுக்குறதுன்னு அர்த்தமாம். ஒண்ணு விடாம எழுதிக்கிட்டேன். நாலு பக்கம் வந்துச்சு. மூணு மாசம் ஓடிப்போச்சு."

"அப்புறம்?"

"எடுத்துக்கிட்டு ஊருக்கு வந்தேன்."

"அம்மாகிட்டப் படிச்சுக் காட்டுனீங்களா சாமி?"

"காட்டுனேன். முதல் வரியில பள்ளம்னு எழுதியிருந்தேன். அம்மாவுக்கு மேல மண்ணு மேடா இருந்துச்சு."