முரசு செய்தவன் வீட்டுப் பூனை

அருகே வந்து உட்காருங்கள். மலையடிவாரத்தை ஒரு சிற்றரசன் ஆண்ட காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

அவன் நாட்டில், ஆற்றங்கரை ஊர் ஒன்றில், முரசு செய்யும் கொற்றன் வாழ்ந்தான். வீட்டில் மனைவி மருதி, தம்பி சேந்தன், அப்புறம் உளுந்தி. உளுந்தி என்பது கறுப்புப் பூனை. கண் திறக்காத குட்டியாக மருதி எடுத்து வளர்த்தது.

ஒருநாள் அரண்மனையிலிருந்து ஆள் வந்தான். புதுக் கோயில் குடமுழுக்குக்கு நிறைய முரசுகள் வேண்டுமாம். கொற்றனுக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனும் தம்பியும் வீட்டு முற்றத்திலேயே வேலையைத் தொடங்கினார்கள். தோலை இழுத்துக் கட்டுவார்கள், அடித்துப் பார்ப்பார்கள். வாரைத் தளர்த்துவார்கள், அடித்துப் பார்ப்பார்கள். வெயிலில் காயவைப்பார்கள், மறுபடியும் அடித்துப் பார்ப்பார்கள். விடிந்தால் திம் திம். பொழுது சாய்ந்தாலும் திம் திம்.

உளுந்தி மாறிப்போனது. முதலில் சோற்றை விட்டது. அப்புறம் நெற்குதிருக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டது, கூப்பிட்டாலும் வரவில்லை. வயிற்றை நக்கி நக்கி, முடி உதிர்ந்து வெறும் தோல் தெரிந்தது. கடைசியில், முரசுக்குப் பதப்படுத்தி வைத்திருந்த தோலின்மேல் மூத்திரம் பெய்துவிட்டது.

கொற்றன் கொதித்தான்.

“சோறு போட்ட வீட்டுக்குச் செய்கிற வேலையா இது? இதை ஆற்றுக்கு அப்பால் விட்டுவிட்டு வருகிறேன்.”

“அது வேண்டுமென்றா செய்யும்? அதற்கு என்னவோ ஆகியிருக்கிறது” என்றாள் மருதி.

“திமிர்தான் ஆகியிருக்கிறது!”

பூனையைக் கூடையில் போட்டு மூடினான். மருதி அழுதுகொண்டே கட்டுச்சோற்றை நீட்டினாள். “கருவாடு வைத்திருக்கிறேன். விடுமுன் அதற்கும் கொஞ்சம் கொடுங்கள்.”

ஆற்றைக் கடந்து, ஓர் இலுப்பை மரத்தடியில் கொற்றன் கூடையைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். வெகுநேரம் கூடைக்குள் அசைவே இல்லை. பிறகு ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. பிறகு தலை. மெல்ல வெளியே வந்து, அவன் கையிலிருந்த கருவாட்டை மளமளவென்று தின்றது. கொற்றன் அசந்துபோனான். எத்தனை நாளாயிற்று இது தின்று!

மரத்தில் காகம் கரைந்தது. உளுந்தி தின்றுகொண்டே இருந்தது. பாதையில் மாட்டுவண்டி கடகடத்தது. நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தின்றது. அப்போது காற்று திரும்பியது. அக்கரையில் சேந்தன் அடித்த முரசு, திம் என்று மெல்லக் கேட்டது.

உளுந்தியின் காதுகள் பின்னால் மடிந்தன. கண்மணிகள் கறுத்து விரிந்தன. உடல் தரையோடு ஒட்டியது. திம் திம் என்று மீண்டும் கேட்க, நடுங்கியபடி வயிற்றை நக்கத் தொடங்கியது.

கொற்றன் கையிலிருந்த சோற்றைக் கீழே வைத்தான். “அடி பாவி, இதையா இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாய்? உன்னையா திமிர் பிடித்தவள் என்றேன்?”

அதை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அன்றே முரசு, தோல், வார் எல்லாவற்றையும் ஊருக்கு வெகுதொலைவில் இருந்த மேட்டுக் காட்டுக்கு மாற்றினான். சேந்தன் முணுமுணுத்துக்கொண்டே சுமந்தான்.

உளுந்தி ஒரே நாளில் தேறிவிடவில்லை. முதலில் சாப்பிட்டது. சில நாள் கழித்து வெளியே வந்தது. வயிற்றில் முடி மெல்ல முளைத்தது. ஒரு காலையில், வாலை உயர்த்திக்கொண்டு முற்றத்தில் நடந்தது. கொற்றன் வாய்விட்டுச் சிரித்தான்.

பக்கத்தில் நின்ற மருதி மெதுவாகச் சொன்னாள்: “எனக்கும் தலைக்குள் இடித்துக்கொண்டே இருந்தது. இப்போதுதான் விட்டிருக்கிறது.”

கொற்றன் திடுக்கிட்டான். “நீ ஏன் சொல்லவில்லை?”

“அரசர் வேலை. நீங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள். எப்படிச் சொல்ல?”

அவள் நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றதும், பாதிச் சோற்றோடு எழுந்ததும் அவன் கண்முன் வந்தன. எல்லாவற்றையும் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறான். அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

பிறகு பூனையின் முன்னால் குந்தி உட்கார்ந்தான். “நீ இல்லாவிட்டால் இவள் பட்ட பாடும் எனக்குத் தெரிந்திருக்காது, தாயே. உனக்கு நான் என்ன செய்வேன்!” என்றான். அவன் கண்கள் நிறைந்திருந்தன. உளுந்தி கொட்டாவி விட்டது.

கேட்டவர்களே, நம்மோடு வாழும் உயிர் வழக்கம் மாறி நடந்தால், அதன்மேல் கோபப்படுமுன் அதற்கு என்ன துன்பம் என்று பார்க்க வேண்டும்.