குட்டிக் கார் இன்னும் வந்து சேரவில்லை

முத்தாரம்பட்டினத்து ரோட்டில் சின்னக் கார் ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது. ஏன் என்று கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்ததும், துறைமுக வாகனச் சோதனைக் குழு அன்றைக்கே விசாரணையில் இறங்கிவிட்டது. தலைவர் தீர்த்தாரப்பன், உறுப்பினர்கள் கும்பலிங்கம், வீரபாகு ஆகிய மூவரும் வாசலில் நாற்காலி போட்டு ஒரு பகல் முழுக்க ரோட்டையே பார்த்தார்கள். போனதெல்லாம் உள்ளூரில் செய்த பெரிய கார். தெருமுனை திரும்புவதற்குள் ஒரு சொம்பு பெட்ரோல் குடிக்கிற ரகம். "சின்னக் காருக்கு இங்கே யாரும் ஆசைப்படவில்லை. ஆசைப்பட்டிருந்தால் ரோட்டில் ஓடுமே!" என்று பதில் எழுதி, முத்திரை குத்தி அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

ஆசைப்பட்ட ஆள் ஒருத்தி இருந்தாள். நர்ஸ் ஜெசிந்தா. சுற்றியுள்ள ஒன்பது மீனவக் குப்பங்களுக்கும் பிரசவம் பார்ப்பது அவள்தான். குப்பத்துச் சந்தில் பெரிய கார் நுழையுமா? போன வருஷம் அவள் போன வாடகைக் கார் சந்து முனையிலேயே சிக்கிக்கொண்டது. இறங்கி ஓடினாள். அதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. தாய் பிழைத்தது ஏதோ மாதா புண்ணியம். அந்த நடுக்கம் போகாமல்தான் வெளிநாட்டுக் குட்டிக் கார் ஒன்றுக்குச் சொல்லி வைத்தாள். சந்து பொந்தெல்லாம் நுழையும், பெட்ரோலும் கொஞ்சமாகத்தான் குடிக்கும்.

கார் கப்பலில் வந்து இறங்கியது. சோதனைச் சீட்டு வாங்கினால் எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

தீர்த்தாரப்பன் விதிப் புத்தகத்தை விரித்தார். "விதி ஒன்று. நான்கு கதவுகளும் ஒழுங்காகத் திறக்க வேண்டும்."

"ரெண்டு கதவுதானே இருக்கு?" என்றார் கும்பலிங்கம்.

"ஒவ்வொண்ணையும் ரெண்டு தரம் திறயும்வே. ஈரெண்டு நாலு."

திறந்தார்கள், மூடினார்கள், முத்திரை விழுந்தது. ஜெசிந்தாவுக்குக்கூடக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

"விதி ரெண்டு. ஓட்டுபவர், வண்டி போகும் திசைக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும்."

இந்தக் காரிலோ ஸ்டியரிங் இடப்பக்கம். மூன்று பேரும் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

"கவிழ்த்துப் போட்டா இடது வலதாயிருமே?" என்றார் வீரபாகு.

"ஓட்டுறவன் தலை ரோட்டுல தேயுமேவே! தலையைப் பத்தி விதி என்ன சொல்லுதுன்னு தெரியாம அதைச் செய்யக் கூடாது," என்று தடுத்தார் தீர்த்தாரப்பன்.

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். திறந்தபோது முகம் மலர்ந்திருந்தது. "பின்னாலேயே ஓட்டும். போற திசைக்கு வலப்பக்கம் தானா வந்துரும்!"

கும்பலிங்கம் ரிவர்ஸ் கியரைப் போட்டுக் கிடங்கு முற்றத்தைச் சுற்ற ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து ஜெசிந்தாவின் போன் அடித்தது. வடக்குக் குப்பத்துச் செண்பகத்துக்கு வலி கண்டுவிட்டதாம், பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம்.

"ஐயா, ரெண்டு உசுரு ஐயா! சீக்கிரம் முடிங்க!"

"ரிவர்ஸ்ல இவ்வளவுதான் சிஸ்டர் போகும்," என்று கும்பலிங்கம் பின்புறமாகக் கடந்து போனார்.

கிலோமீட்டர் மீட்டரோ பழைய சக்கர ரகம். பின்னால் போனால் எண்ணும் பின்னால் போகும். தொழிற்சாலையிலிருந்து கப்பல்வரை ஓடிய மூன்று கிலோமீட்டர் அதில் இருந்தது. மூன்று இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று, பூஜ்யம் வந்தது.

"நிறுத்தும்வே!" என்று அலறினார் தலைவர். "இன்னும் போனா கார் வெறும் இரும்பாப் போயிரும்!"

பெட்ரோலை அளந்தார்கள். கால் லிட்டர் குறைந்திருந்தது.

"கால் லிட்டர் குடிச்சு ஒரு அடிகூட ஓடலை. இதையா சிக்கனம்னு சொல்றாங்க?" என்று கும்பலிங்கம் உதட்டைப் பிதுக்கினார்.

"அது மட்டுமில்லை. மீட்டர் பூஜ்யம்னா, கார் இன்னும் தொழிற்சாலையை விட்டே கிளம்பலை. வராத காருக்கு எப்படிச் சீட்டுக் கொடுக்கிறது?" என்றார் தலைவர்.

"எதிர்ல நிக்குதே, கண்ணு அவிஞ்சா போச்சு?" ஜெசிந்தாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"கோபப்படாதீங்க சிஸ்டர். முதல்ல கார் வரட்டும். வீரபாகு, எதுக்கும் உள்ளே ஏறி, கார் இல்லைன்னு உறுதி பண்ணிட்டு வாரும்."

வீரபாகு ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து சீட்டைத் தடவினார். "ஐயா, இருக்கிற மாதிரி தெரியுது."

"தெரியும், ஆனா இருக்காது. நல்லாப் பாரும்."

ஜெசிந்தா சட்டென்று நிமிர்ந்தாள். "ஐயா, வராத காரை கேட்ல மறிப்பீங்களா?"

"வராததை எப்படிம்மா மறிக்கிறது? அதுக்கு விதியே கிடையாது."

அடுத்த நிமிஷம் அவள் ஸ்டியரிங்கில் இருந்தாள். கார் முன்பக்கமாகப் பாய்ந்து கேட்டைத் தாண்டியது. "இன்னைக்குக் கடல் காத்து பலம்," என்று தலைவர் கண்ணில் விழுந்த தூசியைத் துடைத்துக்கொண்டார்.

வடக்குக் குப்பத்துச் சந்தில் கார் ஒரு சுவரிலும் உரசாமல் வாசல் வரைக்கும் போனது. ஜெசிந்தா பிள்ளையைப் பக்குவமாகத் திருப்பி எடுத்தாள். பெண் குழந்தை, வீறிட்டு அழுதது. கால் மணி பிந்தியிருந்தால் இரண்டு பேரும் இல்லை. வீரபாகு வெந்நீர் சுமந்தார்.

சாயங்காலம் ஆபீஸ் பூட்டும்போதுதான் கும்பலிங்கம் கேட்டார்: "வீரபாகு எங்கே?"

"காருக்குள்ளே."

"கார்தான் வரலையே?"

தலைவர் வெகுநேரம் யோசித்தார். "அப்போ வீரபாகுவும் வரலை. அடுத்த கப்பல் வியாழக்கிழமை."

வியாழக்கிழமை காலையில் இருவரும் ஆளுயர மாலையோடு துறைமுகத்தில் நின்றார்கள். குப்பத்தில் மூன்று நாள் மீன் குழம்பு சாப்பிட்டுக் கன்னம் உப்பிப்போன வீரபாகு அந்த வழியாக நடந்து வந்தார்.

"யாருக்குவே மாலை?"

"நம்ம வீரபாகு இந்தக் கப்பல்ல வர்றாரு."

வீரபாகு அவசரமாகச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு அவர்கள் பக்கத்தில் நின்றார். நெற்றியில் கை வைத்துக் கடலைப் பார்த்தார்.

"அப்படியா? நானும் நிக்கிறேன்வே. அந்த மனுஷனைப் பார்த்து மூணு நாளாச்சு."