மணிக்கட்டில் வைத்த கருங்குறி

அந்தக் காலத்தில் மரங்கள் வாய் திறந்து பேசின. மனித உடம்புக்குள் காவல் காத்தவர்களும், கூப்பிட்டால் குரல் கொடுத்தார்கள். அப்போது ஏழு ஊர்த் துணிகளை வெளுத்துவந்தவள் சிவனணைந்தாள். அவள் வெளுப்பில் குறை சொல்ல ஆளில்லை. பிரித்துக் கொடுப்பதில்தான் வினை வந்தது. எல்லா வேட்டியும் ஒரே வெள்ளை.

“என் வீட்டுக்காரர் வேட்டி மேலத்தெருவில் வேறு ஆள் இடுப்பில் நடந்து போகிறதடி! நானும் அவர்தான் என்று பின்னாலேயே போய்விட்டேன்,” என்றாள் துணி வாங்க வந்த பெரியநாயகி. சலவைத் துறையே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவள் சொன்னாள்: “அடுத்த வெளுப்பிலும் மாறினால், நாங்கள் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம்.”

சிவனணைந்தாள் காட்டோரத்துச் சேராங்கொட்டை மரத்திடம் போய் நின்றாள். “எத்தனை முறை அடித்துத் துவைத்தாலும் போகாத குறி ஒன்று வேண்டும்.”

“என் கொட்டையில் வடியும் கறுத்த பாலை எடுத்துக்கொள். ஆனால் அது ஒட்டினால் ஒட்டியதுதான். துணியோடு நிறுத்திக்கொள், தாயே,” என்றது மரம்.

வீட்டுக்கொரு குறியாக அவள் ஊசியால் தொட்டு எல்லாத் துணியிலும் வைத்தாள். அந்த மாதம் ஒரு வேட்டிகூட மாறவில்லை. வேலையின்போது மணிக்கட்டில் ஒரு சொட்டு விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை. ‘மரத்துக்கு வீண் பயம்’ என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

தோலில் ரோந்து போன காவலன் ஒருவன் அப்படி நினைக்கவில்லை. கருங்குறி ஒட்டிய தோல்துணுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, அக்குளில் நெறி கட்டும் இடத்திலிருந்த காவலர் ஊருக்கு நடந்தான். “பார்த்தால் நம்மவன்போல இருக்கிறான். ஆனால் இந்தக் குறி நம்முடையதில்லை,” என்றான். காவலர்கள் உற்றுப் பார்த்தார்கள். “வேற்றான்தான். நம் வேடம் போட்டிருக்கிறான்,” என்று முடிவு செய்து, அந்தக் குறியை மனப்பாடம் செய்தார்கள்.

மறுமாதம் சிவனணைந்தாள், ஊசிமுனையில் பால் சரியாக இறங்குகிறதா என்று தன் மணிக்கட்டிலேயே ஒரு புள்ளி வைத்துப் பார்த்தாள். கண்மூடித் திறப்பதற்குள் காவலர் பாய்ந்தனர். கை பணியாரம்போல் உப்பியது. கொப்புளம் கொப்புளமாக எழுந்து நீர் வடிந்தது. துணியைப் பிழியக்கூட முடியவில்லை.

அழுதபடி மரத்திடம் ஓடினாள். “என் பிழைப்பைக் கொடுத்த கையாலேயே பறித்துவிட்டாயே!”

“நான் ஒட்டினேன்; அவ்வளவுதான். அடித்தது யாரென்று உள்ளே கேள்,” என்றது மரம்.

அவள் உள்ளே கேட்டாள். “எந்தப் பகைவனை அடித்தீர்கள், ஐயா?”

“கருங்குறிக்காரனை, அம்மா.”

“அந்தக் குறியை வைத்தவள் நான். நீங்கள் அடித்தது என் தோலை.”

காவலர்கள் கொப்புளங்களை நெருங்கிப் பார்த்தார்கள். பிறகு மூத்த காவலன் மெல்லச் சொன்னான்: “தவறுதான். நாங்கள் கற்றதை மறக்கச் சொல்லுங்கள், மறந்துவிடுகிறோம். ஆனால் எங்களுக்கு ஒன்றை மட்டும் மறக்கத் தெரியாது. மறந்தால் எல்லாவற்றையும் மறப்போம். நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கிறீர்கள். அப்புறம் சேற்றுப்புண் வந்தால் அதையும் எங்களுக்கு அடையாளம் தெரியாது.”

சிவனணைந்தாள் ஊறி வெளிறிய தன் கால்விரல்களைப் பார்த்தாள். எரியும் கையையும் பார்த்தாள். வெள்ளையெல்லாம் ஒன்றுபோல் தெரிந்தபோது எத்தனை முறை தானும் தவறான வீட்டில் துணியைக் கொடுத்திருக்கிறாள்!

“மறக்க வேண்டாம்,” என்றாள். “ஆனால் ஓடி வராதீர்கள். நடந்து வாருங்கள். தொட்டுப் பாருங்கள், கூடிப் பேசுங்கள். அதற்குள் நான் கையைக் கழுவியாவது வைக்கிறேன்.”

“அப்படியே, அம்மா. ஆனால் குறி இருந்தால் அடிப்போம். எங்களுக்குத் தெரிந்தது அதுதான்.”

“தெரியும்,” என்றாள் அவள், வீங்கிய கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே.

அன்று முதல்தான், சேராங்கொட்டைப் பாலை முன்பே அறிந்த கையில் அது மறுபடி பட்டால், தோல் முதல் நாள் சும்மா இருந்துவிட்டு இரண்டாம் நாள் தடித்துச் சிவக்கிறது. குறி வைப்பவர்களும் ஊசிமுனையைக் கிழிசல் துணியில்தான் தொட்டுப் பார்க்கிறார்கள்.