மாத்திரையின் பங்கு

அன்று சாயங்காலம் மைதானத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். கபடி சொல்லிக்கொடுக்கும் பூரணம் டீச்சர். பாடிப் போவதில் அணிக்கே முதல் ஆளான ஜெபசெல்வி. மூலையில் நின்று, பாடி வருபவளின் காலைப் பிடிக்கும் காளீஸ்வரி. நான்காவதாக எடை மெஷினையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போட்டிக்கு எடை பார்ப்பார்கள். அறுபது கிலோவுக்கு மேல் நூறு கிராம் இருந்தாலும் வெளியே. அங்கே வைத்துத்தான் போலீஸ் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அடுத்த வருடம் ஜெபசெல்விக்கு வயது தாண்டிவிடும்.

ஜெபசெல்வி ஏறி நின்றதும் மெஷின் 60.4 காட்டியது.

ஜெபசெல்வி பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். கொழுப்பைக் கரைக்கும் மாத்திரை. ஒன்பது நாளாகக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

"இன்னிக்கு மட்டும் ரெண்டாப் போட்டுக்கவா டீச்சர்? நானூறு கிராம்தானே."

"இது வேலை செய்யுதா?"

"செய்யாமலா? ரெண்டு கிலோ இறங்கியிருக்கேனே."

"வேற என்ன செஞ்சே?"

"ராத்திரிச் சோத்தை விட்டேன். மழைக்கோட்டை மாட்டிக்கிட்டு ஓடினேன்."

"தனியாவா?"

"இவளும் வந்தா. இவளும் சோறு திங்கலை."

டீச்சர் காளீஸ்வரியை மெஷினில் ஏற்றினார். அவள் மாத்திரை போடாதவள். எடை எழுதும் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். ஒன்பது நாளில் ஒரு கிலோ எண்ணூறு குறைந்திருந்தது.

"நான் சும்மா துணைக்குத்தான் ஓடினேன்," என்றாள் காளீஸ்வரி. "இறங்கினதுக்குத் திட்டாதீங்க டீச்சர்."

டீச்சர் ஒரு டம்ளர் தண்ணீரை ஜெபசெல்வியிடம் நீட்டினார்.

"ஐயோ, ஏறிடும் டீச்சர்."

"குடி."

குடித்தாள். ஏறி நின்றாள். 60.6.

"ஒரு டம்ளர் தண்ணி, இருநூறு கிராம். காளியைவிட நீ கூட இறங்கினதும் இருநூறுதான். உன் மாத்திரையோட பங்கு இவ்வளவுதான்."

ஜெபசெல்வி டப்பாவைத் திருப்பிக் காட்டினாள். "சரி, இருநூறுன்னா இருநூறு. எனக்கு அதுவும் வேணும். கெடுதல் இல்லைன்னு டப்பாவிலேயே போட்டிருக்கு."

"கபடி பாடு."

நின்ற இடத்திலேயே பாடினாள். எப்போதும் முப்பது விநாடியைத் தாண்டும் மூச்சு பதினொன்றில் அறுந்தது. விரல் நுனிகள் நடுங்கின. அதை மறைக்கக் கையைக் கட்டிக்கொண்டாள்.

டீச்சர் இருவரையும் பத்து நிமிடம் உட்காரவைத்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தபடி ஆளுக்கு ஒரு முழு நிமிடம் நாடி பிடித்தார்.

"காளீஸ்வரிக்கு எழுபத்திரண்டு."

ஜெபசெல்வியின் மணிக்கட்டை இரண்டு முறை எண்ணினார். முதல் முறை வந்ததை அவரே நம்பவில்லை.

"உனக்கு நூற்று முப்பது. எங்கேயாவது ஓடினியா?"

"இங்கேதானே டீச்சர் உட்கார்ந்திருக்கேன்."

டீச்சர் எழுந்தார். "காளி, ஓடிப்போய் ஆட்டோ கூட்டிட்டு வா. பெரியாஸ்பத்திரிக்கு."

"நாளைக்கு எடை?"

"நாளைக்கு நீ எடைக்கு வரலை."

ஆட்டோ கிளம்பியது. ஜெபசெல்வி அழுதாள். கெஞ்சினாள். "என் வாழ்க்கையைக் கெடுத்துட்டீங்க" என்றுகூடச் சொல்லிவிட்டாள். டீச்சர் அவள் மணிக்கட்டை விடவில்லை. பாலம் ஏறும்போது ஜெபசெல்வி தானாகவே அடங்கினாள். நெஞ்சுக்குள் அடிப்பது அவள் காதுக்கே கேட்டது.

"டீச்சர்," என்றாள் மெதுவாக. "அந்த இருநூறு கிராமுக்கு நான் என்னத்தக் குடுத்திருக்கேன்?"

"நூற்று முப்பதுல எழுபத்திரண்டு போக," என்றார் டீச்சர், "நிமிஷத்துக்கு ஐம்பத்தெட்டு."