திருகின் கால் சுற்று

நியாயம் கேட்க வந்தவனிடம் முதலில் எஞ்சினை ஓட்டிக் காட்டு என்று சொல்வது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டுக்கொண்டேதான் திலகர்மணி பட்டறைக்குள் நுழைந்தார்.

அவருக்கு வயது அறுபத்து மூன்று. நீதிமன்றத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் பணியாற்றி, தலைமை எழுத்தரான சிரஸ்தாராக ஓய்வு பெற்றவர். கையில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள், பழைய வேட்டித் துணியில் சுற்றிய குட்டி டீசல் எஞ்சின் ஒன்று. மாதிரி விமானத்தின் மூக்கில் பொருத்துவது; எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றே பெரியது.

பட்டறை ரைஹானாவுடையது. கோவை உக்கடத்தில் டீசல் பம்புகளைப் பழுதுபார்ப்பவர்; திலகர்மணியைவிட இருபத்திரண்டு வயது இளையவர். ரப்பர் வளையம் எதுவும் இல்லாமல், உலோகத்தை உலோகத்தோடு தேய்த்தே கசிவின்றிப் பொருத்துவது அவர் தொழில். குட்டி எஞ்சின்களும் அதே பொருத்தத்தில் உயிர்வாழ்பவை. ஆகவே அவற்றைச் சேர்ப்பவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். பட்டறை ஆட்கள் அழைப்பதுபோலவே அவர்களும் மேஸ்திரியம்மா என்றார்கள். திலகர்மணி அவரிடம் இரண்டு ஆண்டுகளாகப் பாடம் கேட்டுவந்தார். அதாவது, பெரும்பாலும் பேசிவந்தார்.

"நியாயம் இருக்கட்டும் சிரஸ்தார் சார். டீ சொல்லட்டுமா?"

"தொண்டையில இறங்காதுங்க."

ரைஹானா இரண்டு டீ சொன்னார்.

கோவையில் இத்தகைய எஞ்சின்களைச் சேர்த்து ஓட்டுபவர்கள் பதினெட்டுப் பேர். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், மூடிக்கிடக்கும் நூற்பாலை ஒன்றின் முற்றத்தில் கூடுவார்கள். அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. யார் எதைப் பேச விரும்பினாலும், தாம் கொண்டுவந்த எஞ்சினை, அதன் விசிறியை விரலால் தட்டிச் சுழற்றி, பத்துத் தட்டுக்குள் உயிர்ப்பித்து, தொட்டி எரிபொருள் தீரும்வரை ஓட்டிக் காட்ட வேண்டும். அதன் பிறகே பேச்சு. அலமாரியில் பொம்மைபோல் அடுக்கிவைத்துவிட்டு, வாயால் எஞ்சின் ஓட்டுகிறவர்களைத் தடுக்க ஏற்பட்ட விதி அது.

அந்த விதிதான் திலகர்மணியை இரண்டு முறை மண்ணைக் கவ்வ வைத்திருந்தது.

விவகாரம் இதுதான். ஞானப்பிரகாசம் என்றொரு டர்னர், அறுபது ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் வேலை நேரம் முடிந்தபின் கடைசல் எந்திரத்தின் முன் நின்று, ஒரே வார்ப்பிலிருந்து இரண்டு எஞ்சின்களைக் கடைந்தார். ஒன்று எங்கெங்கோ சுற்றி, பழைய இரும்புக் கடையில் திலகர்மணியின் கண்ணில் பட்டது. மற்றொன்று முதலாளி வீட்டில் தங்கிவிட்டது. முதலாளியின் மகன் கோகுலநாதன், பதினெட்டுப் பேரில் ஒருவர், அதை அவர்கள் சங்கத்துக்கு அளித்தார். சங்கம் அதை ஒரு பொறியியல் கல்லூரியின் காட்சிக்கூடத்துக்கு அனுப்பவிருந்தது. கண்ணாடிப் பெட்டியில் ஓர் அட்டையும் வைத்தாயிற்று. 'வடிவமைத்து உருவாக்கியவர்' என்பதற்கு நேரே கோகுலநாதனின் தந்தை பெயர்.

அவர் தந்தைக்குக் கடைசல் எந்திரத்தின் எந்தப் பக்கம் நிற்பது என்றே தெரியாது.

ஞானப்பிரகாசம் இறந்து நெடுங்காலம் ஆயிற்று. அவர் மகள் சேசுமேரியைத் தேடிக் கண்டுபிடித்து, பெட்டியைப் பார்க்க அழைத்துவந்தவர் திலகர்மணிதான். அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையை மெல்லப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"அப்பா பேரு எழுத இடம் பத்தலைங்களா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல், பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டார்.

அன்றிலிருந்து திலகர்மணிக்கு உறக்கம் இல்லை.

முதல் கூட்டத்தில் அவருடைய எஞ்சின் ஒன்பது விநாடி ஓடி நின்றது. எஞ்சினே உங்களை நம்பவில்லையே என்றார் கோகுலநாதன், எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது கூட்டத்தில் பன்னிரண்டு விநாடி. திலகர்மணி விதியை மிதித்துவிட்டுக் கத்தினார். என் எஞ்சினின் பின்மூடிக்குள் 'ஞா' என்று கீறியிருக்கிறது, உன்னுடையதையும் திறந்து பாரடா திருடா என்றார். திருப்புளிப் பெட்டியைத் தரையில் வீசிவிட்டு வெளியேறினார். உறுப்பினர் ஒருவர் நாகரிகக் குறைவாக நடந்துகொண்டார் என்று குறிப்பேட்டில் பதிவாயிற்று. டர்னரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

"நாளன்னிக்கு ஞாயிறு. திங்கக்கிழமை பெட்டி காலேஜுக்குப் போயிடும்" என்றார் திலகர்மணி. "இது தேஞ்சுபோன எஞ்சின். ஓட வச்சுக் குடுங்க."

ரைஹானா எஞ்சினை வாங்கிப் பெஞ்சில் பூட்டினார். விசிறியை ஒருமுறை மெல்லச் சுற்றிப் பார்த்தார். எஞ்சினின் தலைமேல் ஓர் அழுத்தத் திருகு, அதற்குக் குறுக்கே சிறு கைப்பிடி. கைப்பிடியின் ஒரு முனையில் சாக்பீஸால் புள்ளி வைத்தார். புள்ளி ஜன்னலைப் பார்த்து நின்றது.

"தேயலை. தட்டுங்க."

ஈதரும் மண்ணெண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் கலந்த வாடை பட்டறையில் எழுந்தது. திலகர்மணி விரலில் தோலுறையை மாட்டிக்கொண்டு விசிறியைத் தட்டினார். பிடிக்கவில்லை. திருகைச் சிறிது இறுக்கித் தட்டினார். மீண்டும் இறுக்கினார். ஐந்தாம் தட்டில் பிடித்தது. காதைப் பிளக்கும் வறண்ட குரைப்பு. பார்த்தீர்களா என்பதுபோல் நிமிர்ந்தார். குரைப்பு முக்கலாயிற்று. புகைவாயில் கறுப்பாய் எண்ணெய் கக்கியது. பத்தாவது விநாடியில் நின்றது.

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

"அட்டையில என்ன எழுதியிருந்துச்சு?" என்று கேட்டார் ரைஹானா.

திலகர்மணி மறுபடி முழுவதையும் சொன்னார். வடிவமைத்தவராம், உருவாக்கியவராம். விரலில் ஒரு நாள் எண்ணெய் பட்டிருக்குமா அந்த மனிதனுக்கு? பதினேழு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்களே, ஒருவனுக்காவது நாக்கு எழுந்ததா? சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. ரைஹானா டீயை ஆற்றியபடி எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேசறப்ப எத்தனை சுத்து இறுக்குனீங்க?"

"நான் தொடவே இல்லைங்களே."

ரைஹானா கைப்பிடியைக் காட்டினார். திலகர்மணி குனிந்து பார்த்தார். எஞ்சின் நின்றபோது சுவரைப் பார்த்திருந்த சாக்பீஸ் புள்ளி, இப்போது வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. தம் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இன்னமும் கைப்பிடிமேல் இருப்பதை அப்போதுதான் கண்டார்.

"அப்ப இறுக்குனது தப்புங்கறீங்க."

"இறுக்கலைன்னா இது பிறக்காது சார். இதுக்குப் பொறி வைக்கிற பிளக் ஏது? அழுத்தந்தான் தீ. பிடிச்சதுக்கு அப்புறமும் ஏன் இறுக்கிட்டே இருக்கீங்க?"

திலகர்மணிக்குச் சுருக்கென்றது. மீண்டும் தட்டினார், பிடித்தது. போதுமா என்பதுபோல் ரைஹானாவை முறைத்தபடி, திருகை ஒரேயடியாக முழுச் சுற்றுத் தளர்த்தினார். எஞ்சின் இருமியது, விக்கியது, நின்றது.

"விட்டுட்டேன், போதுங்களா?"

"அது வேற சாவு" என்றார் ரைஹானா.

பின்பு அவரே எழுந்தார். திருகை இறுக்கித் தட்டினார். மூன்றாம் தட்டில் அதே குரைப்பு. தலையைச் சாய்த்துக் கேட்டார். சூடு ஏற ஏற, ஓசை கெட்டிப்படும் கணத்தில், கைப்பிடியைக் கால் சுற்றுப் பின்னுக்குத் தள்ளினார். சற்றுப் பொறுத்து, இன்னும் ஒரு நூல். குரைப்பு ஒரே கம்பியாய் நீண்ட ரீங்காரமாயிற்று. விசிறிக் காற்றில் சுவர் நாள்காட்டியின் தாள்கள் படபடத்தன. ரைஹானா உட்கார்ந்து டீயைக் குடித்து முடித்தார். தொட்டி தீர்ந்த பிறகுதான் அது நின்றது.

திலகர்மணியின் முகம் சிவந்திருந்தது.

"புரியுதுங்க. தணிஞ்சு போகச் சொல்றீங்க. அந்த ஆளுகிட்டக் கையைக் கட்டிக்கிட்டு, ஐயா, கொஞ்சம் மனசு வைங்கன்னு கேக்கணும். அந்தம்மா முகத்தை நீங்க பார்க்கலை மேஸ்திரியம்மா. பார்த்திருந்தா இப்படி டீ குடிச்சிட்டு இருக்க மாட்டீங்க."

"தளர்த்தினப்ப வேகம் குறைஞ்சுதா, கூடுச்சா?"

கூடியதென்று அவருக்குத் தெரியும். நாள்காட்டித் தாள்கள் அவர் கண்ணெதிரேதான் படபடத்தன. எஞ்சினைக் கழற்றித் துணியில் சுற்றி, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வெளியேறினார். அவருடைய டீ ஆடை படிந்து ஆறிக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினெட்டுப் பேரும் வந்திருந்தார்கள். சங்கத் தலைவர் தேவசிகாமணி ரைஹானாவையும் அழைத்திருந்தார். ஒரு மாதமாகக் கோகுலநாதனின் பொறுப்பில் இருந்த கண்ணாடிப் பெட்டி நடு மேசையில் இருந்தது.

இன்றைக்கு எத்தனை விநாடி, பந்தயம் கட்டலாமா என்று கோகுலநாதன் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது எல்லோர் காதிலும் விழுந்தது. திலகர்மணியின் காதிலும் விழுந்தது.

ஆறாம் தட்டில் எஞ்சின் பிடித்தது. குரைத்தது. அவர் கை கைப்பிடிக்குச் சென்று அங்கேயே நின்றது. பிறகு கால் சுற்றுத் தளர்த்தியது. சற்றுப் பொறுத்து, இன்னும் ஒரு நூல். முற்றம் முழுவதும் ரீங்காரம் பரவியது. தொட்டி வற்றும்வரை அது நிற்கவில்லை.

திலகர்மணி பத்து வாக்கியங்கள்கூடப் பேசவில்லை. யார் கடைந்தது, எப்போது, எத்தனை என்றார். சூடு ஆறாத எஞ்சினைத் துணியால் பிடித்து, பின்மூடியின் நான்கு திருகாணிகளைக் கழற்றி, உட்புறத்தைக் காட்டினார். ஆமணக்கெண்ணெய் உறைந்து பழுப்பேறிய உலோகத்தில் 'ஞா' என்ற கீறல் தெளிவாக இருந்தது. இப்போது பெட்டியில் இருப்பதைத் திறக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

கோகுலநாதன் மறுக்கவில்லை. புன்னகையோடு தாமே திருப்புளியை எடுத்து நீட்டினார்.

"நாலு ஆணிதானே. தாராளமாப் பாருங்க."

ரைஹானா திறந்தார். பின்மூடியை வெயிலில் பிடித்தார். எழுத்து இல்லை.

ஆனால் ரைஹானா அதைக் கீழே வைக்கவில்லை. அருகில் வந்து பாருங்கள் என்று எல்லோரையும் அழைத்தார். மூடி முழுவதும் அறுபது ஆண்டு எண்ணெய் பழுப்பாய்ப் படிந்திருந்தது. நடுவில், கட்டைவிரல் நக அளவுக்கு ஓரிடம் மட்டும் வெள்ளி போல் மின்னியது. புதிதாய் அரம் போட்ட கோடுகள். அரத்துக்கு எட்டாத ஆழத்தில், ஒரு சிறு வளைவு மட்டும் தப்பியிருந்தது. தேவசிகாமணி பூதக்கண்ணாடியை எடுத்து, இரண்டு மூடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வளைவு, எழுத்தின் வால் இருந்த அதே இடத்தில் விழுந்தது.

எழுத்து எங்கே இருக்கிறது என்று கோகுலநாதனுக்கு யார் சொன்னது? போன மாதம் இதே முற்றத்தில் நின்று கத்தியது தாம்தான் என்பது திலகர்மணிக்கு நினைவு வந்தது.

செத்தவன் தன் பெயரென்று விட்டுப்போனது ஓர் எழுத்து. அதையும் அராவிவிட்டார்கள். அவர் வலக் கையின் இரண்டு விரல்களும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டன, காற்றில் எதையோ இறுக்குவதுபோல. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் கத்தப்போகிறார் என்று காத்திருந்தார்கள். கோகுலநாதன் மற்றவர்களைவிட ஆவலாகக் காத்திருந்தார்.

திலகர்மணியின் விரல்கள் நின்றன. பிறகு, மிகச் சிறிதாக, எதிர்ப்புறம் திரும்பின.

"அட்டையில அவர் பேரை எழுதுங்க" என்றார். "அதுக்குக் கீழே, உள்ளே இருந்த பேரு அராவப்பட்டிருக்குன்னும் எழுதுங்க. இன்னிக்கே. முடியற வரைக்கும் நான் இங்கேதான் உக்காந்திருப்பேன்."

நாற்காலியை இழுத்து மேசைக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

முதல் வரிக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டாவது வரி வேண்டாமே, சங்கத்துக்கு மானக்கேடு அல்லவா என்று சிலர் கெஞ்சினார்கள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் அதே பதிலை, அதே குரலில் சொன்னார். கோகுலநாதன் இடையில் எழுந்து போய்விட்டார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. வெயில் உச்சிக்கு ஏறி இறங்கியது. கடைசியில் தேவசிகாமணி புது அட்டையை வெட்டி, தம் கையாலேயே இரண்டு வரிகளையும் எழுதிக் கண்ணாடிக்குள் வைத்தார்.

முற்றம் காலியானபின் திலகர்மணி எஞ்சினைத் துணியில் சுற்றினார். ரைஹானா வாசலில் நின்றிருந்தார்.

"மேஸ்திரியம்மா, நான் அவனைத் திருடன்னுகூடச் சொல்லலை. இங்க வந்தப்ப இருந்த கோபம் இப்ப எங்கே போச்சுன்னே தெரியலை. சேசுமேரிம்மாவுக்குக் குறை வச்சிட்டேனோன்னு இருக்கு."

"எவ்வளவு நேரம் உக்காந்திருந்தீங்க?"

"நாலு மணி நேரம்."

"போன மாசம் எத்தனை விநாடி?"

திலகர்மணி டின்னின் மூடியை அழுத்தினார். "பன்னிரண்டு" என்றார்.