துளசிமணி மூடிய எஞ்சின்

"ரெண்டு மாசமா துடைக்கத்தான் சொல்றே துளசி. என் எஞ்சினை எப்பத்தான் திறக்கிறது?"

கேட்டது நான். முப்பத்தோரு வருஷம் காலேஜில் எஞ்சின் பாடம் நடத்தி ரிடையர் ஆனவன். பதில் சொல்ல வேண்டியவள் துளசிமணி. என் பேப்பரில் ரெண்டு தடவை அரியர் வைத்தவள்.

இப்போது அவள் வாத்தியார், நான் மாணவன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

"கையைக் காட்டுங்க சார்," என்றாள்.

காட்டினேன்.

"நகத்துக்குள்ள அழுக்கு இருக்குதுங்க. போய்க் கழுவிட்டு வாங்க."

கோபம் வந்தது. ஆனாலும் போனேன். பந்தய எஞ்சினைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டுவதில் கோயமுத்தூரில் இவளை விட்டால் ஆள் இல்லை என்கிறார்கள். பூட்டுவது ஏதோ பெரிய ஒர்க்‌ஷாப்பில் என்று நினைக்காதீர்கள். கணபதியில் அவள் வீட்டு ஹாலில்தான். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, தரையை ஈரத் துணியால் துடைத்த பிறகுதான் வேலையில் உட்காருவாள். ஒரு தூசி உள்ளே போனாலும் போச்சு என்பாள்.

ஃப்ரீசரில் ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் பேரிங் குளிர்ந்துகொண்டிருக்கும். கேக் செய்கிற ஓவனில் எஞ்சின் கூடு சூடாகும். சூட்டில் கூடு விரியும், குளிரில் பேரிங் சுருங்கும். சுத்தியல் படாமல் தானாகப் போய் உட்காரும். இந்தக் கணக்கை வருஷா வருஷம் போர்டில் போட்டவன் நான். கண்ணால் பார்த்தது இவள் சமையலறையில்தான், அதுவும் அறுபத்து மூணு வயசில்.

மேஜை மேல் இருந்தது எங்கள் பழைய எஞ்சின். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் அஞ்சு பசங்களும் துளசியும் நானும் சேர்ந்து காலேஜ் பந்தயக் காருக்காகச் செய்தது. கணக்கெல்லாம் நான். பூட்டியது துளசி.

அந்த நாட்களில் சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் எல்லாரும் லேபுக்கு ஓடுவோம். வாங்கி வைத்த டீ ஆறிப்போய்க் கிடக்கும். டீம் கேப்டன் பெலிக்ஸ் பாடிக்கொண்டே இருப்பான், நிறுத்தச் சொன்னால் இன்னும் சத்தமாகப் பாடுவான். எஞ்சின் முதல் தடவை உறுமியபோது ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. பிரின்ஸிபால் ஓடி வந்தார். தொலைந்தோம் என்று நின்றோம்.

"இன்னொரு தடவை போடுங்கய்யா," என்றார் மனுஷன்.

என் சர்வீஸிலேயே நான் சந்தோஷமாக இருந்தது அந்த நாலு மாசம்தான்.

பந்தயத்தன்று, புறப்படும் கோட்டில் நின்ற கார் ரெண்டு தடவை இருமியது. அப்புறம் நின்றுவிட்டது. மற்ற கார்களெல்லாம் போய்விட்டன.

"பூட்டத் தெரியாதவ கையில குடுத்தது என் தப்பு," என்றேன் நான், அங்கேயே, அத்தனை பேர் முன்னாலும். ரிப்போர்ட்டிலும் அதையே எழுதினேன். எஞ்சினை இனி ஒருத்தரும் தொடக் கூடாது என்று அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ரிடையர் ஆனபோது பழைய சாமான் என்று காலேஜே அதை என் வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

இன்னும் மூணு வாரத்தில் அந்த டீம் முழுசும் என் வீட்டுக்கு வருகிறது. அவர்கள் முன்னால் இந்த எஞ்சின் ஒரே ஒரு தடவை ஓடியாக வேண்டும். என் கணக்கில் தப்பில்லை என்று அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குத்தான் வெட்கத்தை விட்டு துளசியிடம் வந்தேன். பழையதை அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இதுவரை வேறு ஆட்களின் எஞ்சின்களைத்தான் பக்கத்தில் உட்கார்ந்து துடைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கி முடித்ததும் துளசி நெயில் பாலிஷ் எடுப்பாள். போல்ட்டின் தலையிலிருந்து அடியில் இருக்கிற உலோகம் வரை ஒரு கோடு இழுப்பாள்.

"இதென்ன, அழகுக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அப்புறம் யாராச்சும் கழட்டி மாட்டினா கோடு சேராதுங்க சார். நான் மூடினது நான் மூடின மாதிரியே இருக்குதான்னு பார்த்தாலே தெரிஞ்சுரும்."

கையைக் கழுவிவிட்டு வந்தேன். ஸ்பானரை நீட்டினாள்.

"திறங்க சார்."

"நானா? நீ திறக்கலையா?"

"நீங்களே திறங்க. நான் பார்த்துட்டு இருக்கறேன்."

மேலே படிந்திருந்த தூசியைத் துடைத்தேன். அடியில் ரோஸ் நிறக் கோடுகள். அன்றைக்கும் பார்த்திருக்கிறேன், பொம்பளைப் பிள்ளை விளையாட்டு என்று விட்டுவிட்டேன். அடிக் கூட்டில் பன்னிரண்டு போல்ட், பன்னிரண்டிலும் கோடு நூல் பிடித்த மாதிரி இருந்தது. சிலிண்டரில் நாலு. அதுவும் நேர்.

மேல் மூடிக்கு வந்தேன். அங்கேயும் நாலு போல்ட். ஒன்றில்கூடக் கோடு சேரவில்லை.

"யாரோ திறந்திருக்காங்க!" என்றேன். "துளசி, நீ மூடின பிறகு யாரோ திறந்திருக்காங்க. எவன் அவன்?"

மூடியைக் கழற்றச் சொல்லிக் கைகாட்டினாள்.

மூடியைக் கழற்றினேன். பிஸ்டனை மேல் உச்சிக்குக் கொண்டுவரச் சொன்னாள். கொண்டுவந்தேன். அப்போது செயின் சக்கரத்தில் இருக்கும் புள்ளி விளிம்போடு நிற்க வேண்டும். நின்றது ஒரு பல் தள்ளி. அவ்வளவு போதும், வால்வு திறக்கிற நேரமே மாறிவிடும், பந்தய எஞ்சின் ஓடாது.

"லேப் சாவி யார்கிட்டங்க சார் இருந்துச்சு?"

"என்கிட்ட மட்டும்தான்."

சொல்லும்போதே ஞாபகம் வந்துவிட்டது.

பந்தயத்துக்கு முந்தின சாயங்காலம். பசங்களெல்லாம் சாப்பிடப் போயிருந்தார்கள். துளசி வைத்தது சரிதானா என்று புஸ்தகத்தைப் பக்கத்தில் விரித்துக்கொண்டு மூடியைத் திறந்தேன். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். எல்லாம் சரி. திரும்ப மாட்டி மூடினேன். அதை நான் ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை. பார்த்தேன், மூடினேன் என்றுதான் இத்தனை வருஷமும் மனசில் இருந்தது.

ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

"உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"கார் நின்னதும் குனிஞ்சு பார்த்தேனுங்க. கோடு சேரல."

"ஏம்மா சொல்லல?" கத்திவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். "அத்தனை பேர் முன்னால உன்னை அப்படிப் பேசினேனே. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ரெண்டு வருஷம் உங்க பேரைக் கேட்டாலே வயிறு எரியுமுங்க சார்."

சக்கரத்தைக் காட்டினாள். "ஒரு பல் பின்னால வைங்க."

வைக்கவில்லை. போனை எடுத்தேன். மூணு வாரம் தள்ளினால் எனக்குத் தைரியம் போய்விடும், என்னை எனக்குத் தெரியாதா? ஓசூரில் இருக்கும் பெலிக்ஸைக் கூப்பிட்டேன்.

"பெலிக்ஸ், எஞ்சினைத் திறந்தேன்டா. துளசி மேல ஒரு தப்பும் இல்லை. முந்தின நாள் நான்தான் கழட்டி ஒரு பல் மாத்தி மாட்டிட்டேன். நம்ம காரை நிறுத்தினது நான்தான். எல்லாருக்கும் சொல்லிடு."



"எங்களுக்குத் தெரியும் சார்," என்றான்.

"என்னது?"

"அன்னிக்கே துளசி எங்களைக் கூப்பிட்டு அந்தக் கோட்டைக் காட்டினா. அஞ்சு பேரும் உங்க ரூமுக்குச் சண்டைக்குக் கிளம்பிட்டோம் சார். அவதான் அழுதுக்கிட்டே வழியை மறிச்சு நின்னா."

"ஏன்?"

"சார் நேத்துத்தான் மொத தடவையா ஒரு எஞ்சினைத் திறந்திருக்காரு, இப்பப் போய்ச் சொன்னீங்கன்னா இனி ஜென்மத்துக்கும் தொட மாட்டாருன்னு சொன்னா சார்."